போனில் சொன்ன கேள்வித்தாள்

பல்கலைக்கழகத்தின் கணினிச் சேவைகளை மொத்தமாக ஒரு வெளிக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம். அட்மிஷன், பரீட்சை, ரிசல்ட், நூலகம் எல்லாமே. நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் அஞ்சு போன் செய்து சொன்னாள். கம்பெனிக்காரர்கள் வரும் நாளில் நானும் வந்து, இத்தனை ஆண்டு எப்படித் திட்டம் போட்டோம் என்று பேச வேண்டுமாம்.

வரவில்லை என்றேன். எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து பஸ் மாறிப் போவது இப்போது முட்டிக்கு ஆகாது. அது சாக்கு என்று அவளுக்கும் தெரியும். பேசிப் பேசி அலுத்துவிட்டது என்பதுதான் நிஜம். "அப்படின்னா எழுதியாவது தாங்க சார்" என்றாள் மலையாளத்தில். அதற்காக இதை எழுதுகிறேன். அவள் மேலதிகாரிகளுக்கு இது பயன்படாது.

என் வேலைக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. தென்னந்தோப்பும் நெல்வயலும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அண்ணன்மார் எல்லாம் வயல்காட்டு வேலைக்குப் போனார்கள். நான் ஒருவன்தான் உத்தியோகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் வேலை என்றதும் பழுதான டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உண்மையில் நான் செய்ததெல்லாம் எழுத்து வேலை. அடுத்து வரும் ஆண்டுகளில் எந்தக் கல்லூரிக்கு என்ன வசதி வேண்டும், அது எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும், நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவேன். கமிட்டி அதை வெட்டும். வெட்டியதை மறுபடி எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் அந்த இயந்திரமே கடையில் இல்லாமல் போயிருக்கும். அப்படியே தலை நரைத்தது.

பத்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிறகு கோயம்புத்தூரில் கல்லூரி. புரோகிராம் எழுதுகிறவனாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். சில ஆண்டுகள் கழித்துத் திட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் பத்மா மேடத்திடம் வந்து சேர்ந்தேன்.

பத்மா மேடம் கணினி மையத்தின் இயக்குநர். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். அலுவலகத்தில் மலையாளம்தான் பேசுவார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவர் வீட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தத் திட்டத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். முன்பக்கங்களில் எல்லோரும் ஆசையை எழுதுவார்கள், பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது அவர் கட்சி. பென்சிலை எடுத்து 'மிகச் சிறந்த', 'தடையில்லாத' போன்ற சொற்களை எல்லாம் அடிப்பார். பிறகு, உதவிக்கு அழைக்க வேண்டிய எண் என்று நாம் எழுதியிருப்போமே, அந்த எண்ணை நம் முன்னாலேயே டயல் செய்து ஸ்பீக்கரில் போடுவார். மணி அடித்து ஓயும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் எடுக்கவில்லையென்றால் திட்டத்தை நம் பக்கம் தள்ளிவிடுவார்.

என் முதல் திட்டம் அப்படித்தான் திரும்பி வந்தது. அட்மிஷன் முழுவதையும் ஆன்லைனுக்கு மாற்றும் திட்டம் அது.

"நன்னா எழுதியிருக்கேள் நாச்சிமுத்து. குமுளிக்குப் போயிட்டு வாங்கோ" என்றார்.

"அங்க யாரைப் பாக்கோணுங்க மேடம்?"

"ஆரையும் பாக்க வேண்டாம். ஒரு நெட் சென்டர்ல போய் உக்காந்துண்டு பாருங்கோ. ஆரையும் ஒண்ணும் கேக்காதேள். கேட்டா எல்லாரும் நமக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுவா."

போனேன். கம்பம் போகும் பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், ஏலக்காய்க் கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன நெட் சென்டர். எஸ்டேட்டுகளிலிருந்து பிள்ளைகள் ஜீப்பில் வந்து விண்ணப்பம் போட்டார்கள். விண்ணப்பத்தில் மொபைல் எண் கேட்கும் இடத்தில் கடைக்காரர் தன்னுடைய எண்ணையே தட்டினார். பல வீடுகளில் போன் அப்பாவிடம் இருக்கும். அப்பா மலைமேல் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். ஓ.டி.பி. வந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கடைக்காரர் வேறு என்ன செய்வார்? ஆனால் பிறகு நாம் அனுப்பும் 'உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் வந்து சேருங்கள்' என்ற செய்தியும் அவர் போனுக்குத்தான் போகும். அவர் அதைப் படித்துவிட்டு யாரைத் தேடிப் போவார்?

திரும்பி வந்து அந்தப் பகுதியை மாற்றி எழுதினேன். இடம் கிடைத்தவர்கள் வரவில்லையென்றால், அந்த ஊரில் உள்ள மையத்திலிருந்து ஒரு ஆள் தேடிக் கேட்க வேண்டும் என்று சேர்த்தேன். மேடம் அதை மட்டும் அடிக்கவில்லை. அதன் பிறகு என் எல்லாத் திட்டங்களிலும் 'மாற்று வழி' என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியைக் கமிட்டியில் யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி, அஞ்சு கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் கேள்வித்தாள்களை அச்சடித்து, சீல் வைத்து, காரில் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். அதில் தாமதமும் தலைவலியும் அதிகம் என்று, பரீட்சை அன்று காலை ஆன்லைனில் அனுப்பிவிடலாம் என்று முடிவானது. குறித்த நேரத்தில் கல்லூரிக்கு ஒரு பாஸ்வேர்ட் போகும். அதைப் போட்டால் கேள்வித்தாள் திறக்கும். கேமரா முன்னால் பிரிண்ட் எடுத்து, எண்ணிக் கட்டி, ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கான திட்டம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

சமவெளிக் கல்லூரிகளுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் எங்கள் மலை மையத்துக்குத்தான். பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்தில், தேயிலைக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன மையம். எஸ்டேட் பிள்ளைகள் அங்கே தமிழ் பி.ஏ. படித்தார்கள். அந்த மையத்துக்கு வரும் ஃபைபர் கேபிள் மலைச்சாலை ஓரத்திலேயே வருகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலை போகும். சாலையோடு கேபிளும் போகும். இரண்டாவதாக ஒரு வழி வேண்டும், ஒரு சாட்டிலைட் டிஷ்ஷாவது வைக்க வேண்டும் என்று எழுதினேன்.

கமிட்டியில் ஒருவர் கேட்டார்: "மொபைல் நெட் இருக்கிறதே, அது போதாதா?"

அந்த மொபைல் டவருக்குப் போகும் கேபிளும் அதே சாலையோரப் பள்ளத்தில்தான் போகிறது, ஒன்று போனால் இரண்டும் போகும் என்றேன். படம் வரைந்தும் காட்டினேன். கருவிகள் விற்க வந்திருந்தவர், இதுவரை அப்படி நடந்ததில்லை என்றார். எனது கருத்து 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று குறிப்பில் எழுதி, டிஷ்ஷை வெட்டினார்கள். கவனத்தில் கொள்ளப்பட்டது என்றால் முடிந்துபோனது என்று பொருள்.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்த மையத்தில் ஒரு பழைய லேண்ட்லைன் போன் இருந்தது. அந்த இணைப்பு மலையுச்சியில் இருக்கும் பழைய மைக்ரோவேவ் டவர் வழியாகக் காற்றிலேயே போகிறது. சாலையைத் தொடவே இல்லை. யாரும் பயன்படுத்துவதில்லை, எடுத்துவிடலாம் என்று எழுதி வந்தபோது, இருக்கட்டும் என்று மாற்று வழிப் பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியை யாரும் படிக்காததால் வெட்டவும் இல்லை.

கடைசி செமஸ்டர் பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. அன்று தமிழ்த் தாள். மலை மையத்திலும், சமவெளியில் இன்னொரு கல்லூரியிலும் மட்டும்தான் அந்தப் பரீட்சை. காலையில் நானும் மேடமும் பரீட்சைப் பிரிவில் இருந்தோம். பாஸ்வேர்ட் அனுப்பும் நேரத்துக்குச் சற்று முன்னால், மேசை மேல் இருந்த போன் அடித்தது. மலை மையத்தின் தமிழ் ஆசிரியர் ஜெபராஜ். குரலைவிட மழைச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

"சார், கீழ ரோடு போச்சு. நெட்டும் போச்சு. மொபைல்ல ஒரு கம்பி கூட இல்ல. இந்தப் போன் ஒண்ணுதான் உசுரோட இருக்கு."

"பசங்க வந்துட்டாங்களா?"

"எல்லாரும் வந்தாச்சு சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பிள்ளைகளும் தேயிலைக்காட்டு வழியா நனைஞ்சு நடந்து வந்துட்டாக. கூட டியூட்டி பாக்க வேண்டிய டீச்சர்தான் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாக. நானும் வாட்ச்மேனும்தான் இருக்கோம். என்ன செய்யச் சொல்லுதீக?"

பரீட்சைக் கட்டுப்பாட்டாளரிடம் ஓடினோம். நல்ல மனிதர்தான், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. மலை மையத்துக்கு மட்டும் ஒத்திவைத்துப் பிறகு சிறப்புத் தேர்வு நடத்தலாம் என்றார். எங்கள் பல்கலைக்கழகத்தில் சிறப்புத் தேர்வு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அது நடந்து, திருத்தி, ரிசல்ட் வருவதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்திருக்கும். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வாத்தியார் வேலையை நம்பித்தான் தமிழ் படித்தார்கள்.

மேடம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "கேள்விகளைப் போன்ல சொல்லலாம். அங்கே போர்டுல எழுதட்டும்" என்றார் மலையாளத்தில்.

கட்டுப்பாட்டாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஞான் ஒந்நும் கேட்டிட்டில்ல" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மேடம் என்னிடம் திரும்பினார். "அவர் கேக்கலை. நான்தான் சொன்னேன், கேட்டேளா? நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன். நீங்க வாசிங்கோ. தமிழ் நான் பேசுவேனே தவிர, எனக்கு எழுத்து மலையாளமாக்கும்."

அந்த அறையில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதை எப்படிச் செய்தோம் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த விசாரணையில் எல்லாமே இந்த விவரத்தில்தான் நின்றது. சமவெளிக் கல்லூரியில் மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போய், கதவைச் சாத்தி, தாள் கொடுத்துவிட்டார்கள் என்று அங்கிருந்து தகவல் வரும்வரை காத்திருந்தோம். மலை மையத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்து, கதவுக்கு வெளியே வாட்ச்மேனை நிறுத்தச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் நான் தாளைக் கையில் எடுத்தேன். சொல்லிமுடிக்க ஆகும் நேரத்தை மலைப் பிள்ளைகளுக்குக் கடைசியில் கூட்டிக் கொடுப்பது என்று மேடம் எழுதினார்.

முதல் கேள்வியைச் சொன்னேன். ஜெபராஜுக்குப் பாதி கேட்கவில்லை.

"சார், தகரக் கூரையில மழை அடிக்கி. எனக்கு ஒரு காது வேற மந்தம். போன் வயரு வாசல்வரைக்கும்தான் வருது. போர்டு அந்தக் கடைசில இருக்கு. தாள்ல எழுதிட்டுப் போயி போர்டுல எழுதுனா பொழுது போயிரும்."

பிறகு அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. ஒரு பெண் குரல் வந்தது. "சொல்லுங்க சார்."

"யாரும்மா நீ?"

"ரூபி சார். பரீட்சை எழுத வந்த பிள்ளைதான். வாசல் பக்கத்து பெஞ்சு. நான் கேட்டுச் சொல்லுதேன், சார் போர்டுல எழுதுவாக."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். "சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். ஒவ்வொரு வரியாக நான் சொல்ல, ரூபி அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள். தூரத்தில் ஜெபராஜ் எழுதுவதும் பெஞ்சுகளில் பேனாக்கள் ஓடுவதும்கூட எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. பழம்பாடல் ஒன்றின் அடிகளைக் கொடுத்து விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் திணறினோம்.

"சார், ல-வா ள-வா?"

"பள்ளிவாசல்ல வர்ற ள."

"பள்ளிவாசல்ல ரெண்டும் வருதே சார்."

நான் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்த ஹாலே சிரித்தது கேட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முடிந்ததும், முதலிலிருந்து எல்லாவற்றையும் ஜெபராஜ் ஒரு முறை எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தினேன். போனை வைத்தபோது என் தொண்டை கட்டியிருந்தது. மேடம் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

பரீட்சை முடிந்தது. சாலை சரியானதும் விடைத்தாள்கள் வந்தன. திருத்தினார்கள். ரிசல்ட்டுக்கு முன்னால் யாரோ ஒரு புகார் எழுதிப் போட்டார்கள். கேள்வித்தாளைத் தொலைபேசியில் கசியவிட்டார்கள், பரீட்சை எழுதிய பெண்ணே மற்றவர்களுக்கு முன்னால் கேள்வியைக் கேட்டாள் என்று. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. விசாரணைக் கமிட்டி போட்டார்கள். தலைவர் ஒரு மூத்த பேராசிரியர். மேடத்துக்கு மெமோ வந்தது. மற்றப் பிள்ளைகளின் ரிசல்ட்டை வெளியிட்டார்கள். ரூபியின் ரிசல்ட்டை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

மேடம் கமிட்டியில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அந்தப் பெண் முன்னால் கேட்டாள் என்பது உண்மை. ஒரு வரியைச் சொல்லி முடிக்கும் நேரம்தான் முன்னால். கேட்டதை உரக்கச் சொல்வதே அவள் வேலையாக இருந்தது. எழுத அவளுக்குக் கையே ஒழியவில்லை. அவளுக்கு நஷ்டம்தான்." தலைவர் தலையாட்டினார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ரிசல்ட்டை உடனே விட்டுவிடலாம். கடிதத்தை மலையாளத்தில் டைப் செய்து, தமிழ் தெரிந்தவன் என்று என்னிடமே கொடுத்தார்கள்.

அன்று வீட்டில் சரஸ்வதியிடம் சொன்னேன். என் மனைவி அதிகம் பேசமாட்டாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் புள்ள தப்புன்னு கையெழுத்துப் போட்டுட்டா, அதைச் செய்யச் சொன்ன உங்க மேடத்து மேலயும் தப்புன்னு ஆயிருமுங்களே?"

அதுதான் விஷயம். அந்தக் கடிதம் வந்தால் மெமோவுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்: "என்னை நெனச்சுண்டு அவகிட்டப் பேசாதேள் நாச்சிமுத்து. அட்மிஷனுக்கு நாள் இல்லை. ரெண்டு பக்கமும் சொல்லுங்கோ. கையெழுத்து அவளோடதாக்கும்."

மலையேறினேன். சரிந்த இடத்தில் மண்ணை அள்ளி ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் அறுந்த கேபிள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வரைந்து காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே. அதைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது.

ரூபியின் வீடு எஸ்டேட் லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. அம்மா எஸ்தர் கொழுந்து கிள்ளுகிறவர். அன்று வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ஜெபராஜும் கூட இருந்தார். ரூபியை அன்றுதான் நேரில் பார்த்தேன். குரலைவிடச் சின்னப் பெண்.

கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'அறியாமல் செய்துவிட்டேன். தவறுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு செய்யமாட்டேன்.'

"கையெழுத்துப் போட்டா ரிசல்ட் உடனே வந்துரும். பி.எட். சேரலாம். போடலைன்னா கமிட்டி மறுபடி கூடணும். எப்பக் கூடும்னு எனக்குத் தெரியாது. இந்த வருசம் போனாலும் போயிடும்" என்றேன்.

"போட்டுக் குடுத்துரு பிள்ள. கடுதாசிதானே. யாரு பாக்கப் போறா?" என்றார் எஸ்தர்.

ரூபி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அறியாமன்னு போட்டிருக்கே சார். நான் தெரிஞ்சுதானே செஞ்சேன். சார் கூப்பிட்டாக. போனை வாங்கினேன்." பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "நான் போட்டா யாருக்காவது கெடுதல் வருமா சார்?"

எதிர்பார்க்காத கேள்வி. ஜெபராஜ் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"வரலாம்மா. ஆனா அதை நீ நினைக்க வேண்டாம்னு, யாருக்குக் கெடுதல் வருமோ அவுங்களே சொல்லி அனுப்பியிருக்காங்க. உன் படிப்பை மட்டும் பாரு."

அவள் உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. எஸ்தர் எனக்குப் பால் ஊற்றாத கட்டன் சாயா கொடுத்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. ரூபி வந்தபோது கையில் அவளே தமிழில் எழுதிய ஒரு தாள் இருந்தது. டைப் செய்த கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"இதைக் குடுங்க சார்."

"எதுக்குடி உனக்கு இந்த வீம்பு?" என்றார் எஸ்தர். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"வீம்பு இல்லம்மா. செய்யாததைச் செஞ்சேன்னு எப்படி எழுத?"

கமிட்டியில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. நானே மலையாளத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சொல்லைக்கூட நான் மெத்தென்று ஆக்கவில்லை, கூர்மையாக்கவும் இல்லை. அன்று காலையில் நடந்ததை அவள் வரிசையாக எழுதியிருந்தாள். ரோடு போனது, டீச்சர் வர முடியாதது, ஜெபராஜ் சாருக்குக் காது கேட்காதது, தான் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'நான் போனை வாங்கியது தவறு என்றால், என் இடத்தில் யார் வாங்கியிருக்க வேண்டும் என்று தயவுசெய்து எழுதித் தாருங்கள். அடுத்த முறை ரோடு போகும்போது எங்களுக்கு உதவும்.'

வாசித்து முடித்தேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இது கேலியா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை, கேள்விதான்" என்றேன். "அப்படியானால் பதில் எழுத வேண்டுமே. யார் எழுதுவது?" என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுதினேன். இணைப்பு முழுவதும் அறுந்தால், எந்த நேரத்தில், யாருடைய உத்தரவில், யார் சொல்ல, யார் கேட்க வேண்டும். ஆசிரியர் ஒருவரே இருந்தால் மாணவர் உதவலாமா. உதவினால் அவருக்கு எவ்வளவு நேரம் கூட்டித் தர வேண்டும். என் வேலைக்காலத்தில் ஒரு வரிகூட வெட்டப்படாமல் போனது அது ஒன்றுதான். உதவும் மாணவருக்குக் கூடுதல் நேரம் உண்டு என்று விதியிலேயே வந்துவிட்டதால், ரூபி செய்தது குற்றம் என்று சொல்ல இடமில்லாமல் போனது. ஆனால் அது கமிட்டியைத் தாண்டி, ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டைத் தாண்டி, உத்தரவாக வந்து சேர நாளாயிற்று.

மேடத்தின் மெமோவைத் திரும்பப் பெறவில்லை. ரத்து செய்யவும் இல்லை, மேலே நடவடிக்கை எடுக்கவும் இல்லை. அப்படியே கிடந்தது. அது கிடந்ததால் அவருக்குக் கிடைக்க வேண்டிய பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. கடைசி நாளில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சாயா சத்காரம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கல்பாத்திக்குப் போனார். பிறகு ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "அந்தக் குட்டி பி.எட். சேந்துட்டாளோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

சேர்ந்தாள், அடுத்த ஆண்டு. இப்போது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள் என்று ஜெபராஜ் சொன்னார். மலை மையத்துக்கு நான் கேட்ட டிஷ், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தது. அது நன்றாக வேலை செய்வதாகத்தான் அஞ்சு சொன்னாள். கம்பெனிக்காரர்கள் அதை வைத்துக்கொள்வார்களா என்று நான் கேட்கவில்லை.

ரூபியின் ரிசல்ட் வந்த அன்றைக்கு நானே போன் செய்தேன். லயத்தில் பக்கத்து வீட்டு எண் ஒன்றை ஜெபராஜ் கொடுத்திருந்தார். கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தேன். எஸ்தர்தான் வந்தார்.

"ரூபி டீ ஃபேக்டரியில ஷிஃப்டுக்குப் போயிருக்கா சார். சும்மா இருக்க வேண்டாம்னு சேந்துக்கிட்டா. ரிசல்ட்டா சார்?"

"ஆமாம்மா. பாஸ். நல்ல மார்க்கு."

அவர் பக்கத்தில் யாரிடமோ சத்தமாகச் சொன்னார். அங்கே யாரோ கை தட்டியது கேட்டது. பிறகு போனுக்கு வந்து, "அப்போ எப்போ சார் காலேஜுக்குப் போகணும்? ஃபேக்டரி வேலையை விட்டு நிக்கப்போறேன்னு சொல்லச் சொல்லவா?" என்றார்.

பி.எட். சேர்க்கை அதற்கு முந்தைய வாரம் முடிந்திருந்தது. "இந்த வருசம் நாள் முடிஞ்சு போச்சும்மா. அடுத்த வருசம்தான் சேர முடியும்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் அதைச் சொல்வது கேட்டது.

"சரி சார்" என்றார் எஸ்தர். "நான் அவகிட்ட சொல்லிக்கிடுதேன். நீங்க ஏன் சார் ஒரு மாதிரி பேசுதீக? சாப்பிட்டீகளா?"

இல்லை, இனிமேல்தான் என்றேன்.

"முதல்ல போய்ச் சாப்பிடுங்க சார்" என்றார்.